பட்ஜெட்டை ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வே எதிர்த்து ஓட்டுப் போடுவாரா?

மூணாறு பக்கத்து எஸ்டேட்டில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "பட்ஜெட்டில் எங்கள் தொகுதிக்கு உருப்படியாக ஒன்றும் ஒதுக்காவிட்டால், ஆளுங்கட்சியைச் சேர்ந்த எம்.எல்.ஏ. அந்த நிதி மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடுவாரா? அமெரிக்காவில் சொந்தக் கட்சி மசோதாவையே எதிர்க்கிறார்களே, இங்கே ஏன் ஒருவரும் செய்வதில்லை?" இதில் சட்டம் விடுமா என்பது ஒன்று, ஆள் துணிவாரா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் வெளிப்படையாகச் சொல்லாத ஒரு கோபமும் இருக்கிறது. பேசாமல் ஆதரித்துவிட்டு ஊருக்கு வருகிறவர் நம்மை விற்றுவிட்டாரா என்று கேட்கிறார். அதற்கும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. தமிழ்ப் பத்திரிகைக்காகத் திருவனந்தபுரத்தில் சபை நிருபராகப் பல வருடம் இருந்தவன். இப்போது கொழிஞ்சாம்பாறை பக்கம் குடியிருக்கிறேன். வக்கீல் இல்லை. சட்டத்தைப் பற்றிச் சொல்வது தீர்ப்புகளைப் படித்தும், அவை சபையில் எப்படி நடக்கின்றன என்று மாடத்தில் உட்கார்ந்து பார்த்தும் தெரிந்துகொண்டது.

நேரான பதில் இது: எதிர்க்க மாட்டார். எதிர்த்தால், அவர் அந்தக் கட்சியை விட்டுப் போக ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகுதிக்குப் பணம் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கட்சியிலேயே இருந்துகொண்டு, பட்ஜெட் செலவுக்கு அனுமதி தரும் நிதி ஒதுக்க மசோதாவை எதிர்த்த ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். பலரும் இதைக் கவனிப்பதில்லை. அரசியல் சட்டம் 203ஆவது பிரிவின்படி, ஒரு மானியக் கோரிக்கை, அதாவது ஒரு துறையின் செலவுக்கு அரசு சபையிடம் பணம் கேட்பது, வந்தால் சபை அதை ஏற்கலாம், மறுக்கலாம், அல்லது தொகையைக் குறைக்கலாம். கூட்ட முடியாது. ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் எந்தக் கோரிக்கையும் சபைக்கே வராது; அந்தப் பரிந்துரை மந்திரிசபை சொல்லித்தான் வரும். ஆக, மூணாறு அடங்கிய தேவிகுளம் தொகுதியின் எம்.எல்.ஏ. எழுந்து நின்று எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் மூணாறுக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வரப்போவதில்லை. அந்த ஓட்டால் அரசு தோற்றால் அரசே கவிழும். பண மசோதாவில் தோற்ற அரசு பதவி விலக வேண்டும் என்பது நம் நாடாளுமன்ற முறையின் பழைய மரபு. எதிர்ப்பு ஓட்டு என்பது பணம் கேட்கும் வழி இல்லை, அரசைக் கீழே இறக்கும் வழி. இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

ஒரு காலத்தில் அப்படி இறக்கவும் செய்தார்கள். 1964 செப்டம்பரில் ஆர்.சங்கர் தலைமையிலான காங்கிரஸ் அரசை, அதே கட்சியின் 15 எம்.எல்.ஏ.க்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் எதிர்த்துக் கவிழ்த்தார்கள். அதிலிருந்துதான் கேரள காங்கிரஸ் பிறந்தது. அடுத்து 1965இல் நடந்த தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், தேர்ந்தெடுக்கப்பட்ட சபை ஒருநாள்கூடக் கூடாமலேயே கலைந்தது. 1967 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தில் நடந்தது நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. டி.பி.மிஸ்ராவின் காங்கிரஸ் அரசு, கல்வித் துறை மானியக் கோரிக்கை நடக்கும்போது 36 எம்.எல்.ஏ.க்கள் அணி மாறியதால் விழுந்தது. அவர்களுக்குக் கல்வித் துறைச் செலவின்மேல் எந்தக் கோபமும் இல்லை. அன்றைக்குக் கைக்குக் கிடைத்த ஓட்டெடுப்பு அது, அவ்வளவுதான். ஒரு எம்.எல்.ஏ. அடுத்தடுத்துக் கட்சி மாறிய ஹரியானாவின் 'ஆயா ராம், கயா ராம்' கதையும் அதே 1967தான்.

கேரளத்துக்கென்று தனியாக ஒரு கதை உண்டு. 1981 டிசம்பர் கடைசியில் கே.கருணாகரன் அமைத்த மந்திரிசபைக்குச் சபையில் இரண்டு பக்கமும் சமபலம். சபாநாயகர் ஏ.சி.ஜோஸ் தன் காஸ்டிங் வோட்டைப் போட்டுப் போட்டு அரசைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். சபாநாயகர் முதலில் ஓட்டுப் போட முடியாது, இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் போடலாம் என்பது விதி. அந்த அரசு மூன்று மாதத்தைத் தொடவில்லை. 1982 மார்ச்சில் லோனப்பன் நம்பாடன் என்ற ஒரே ஒரு எம்.எல்.ஏ. ஆதரவை விலக்கிக்கொண்டதும் விழுந்துவிட்டது. மார்ச் என்றால் பட்ஜெட் மாதம். ஒரு ஆளின் மனமாற்றத்துக்கு இவ்வளவு விலை இருந்த காலம் அது. திருவனந்தபுரத்தில் பழைய நிருபர்கள் இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும்.

அப்புறம் 1985 வந்தது. 52ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. நாம் கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று சொல்வது இதைத்தான். கட்சியின் விப், அதாவது கொறடாவின் உத்தரவு, வந்த பிறகு அதற்கு எதிராக ஓட்டுப் போட்டால் பதவி போகும். ஓட்டே போடாமல் ஒதுங்கி இருந்தாலும் போகும். இந்த இரண்டாவது பகுதி பலருக்குத் தெரியாது. "எதிர்க்க வேண்டாம், வெளியே போய் நின்றால் போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. முன்கூட்டியே கட்சியிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அல்லது 15 நாளுக்குள் கட்சி மன்னித்துவிட வேண்டும். ஆரம்பத்தில் மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து 'பிளவு' என்று சொல்லித் தப்பிக்க வழி இருந்தது. 2003இல் 91ஆவது திருத்தம் அதையும் அடைத்துவிட்டது. இப்போது மூன்றில் இரண்டு பங்கு பேரோடு வேறு கட்சியில் இணைப்பு என்று காட்டினால்தான் தப்பலாம்.

உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைக் கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. 1992இல் வந்த விரிவான தீர்ப்பு அது. அதில் ஒரு அறிவுரையும் இருந்தது. எதற்கெடுத்தாலும் இந்த ஆயுதத்தை எடுக்கக் கூடாது. அரசு நிற்குமா விழுமா என்ற ஓட்டெடுப்புக்கும், கட்சி மக்களிடம் வாக்குக் கேட்ட முக்கியக் கொள்கைக்கும் மட்டும் இருக்கட்டும் என்ற பொருளில் நீதிபதிகள் எழுதினார்கள். சரி, அந்த அறிவுரையை அப்படியே கடைப்பிடித்தாலும் பட்ஜெட் எந்தப் பக்கம் விழும்? அரசு நிற்குமா விழுமா என்ற பக்கம்தான். கட்சித் தாவல் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று மணீஷ் திவாரி எம்.பி. 2010இல் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். மற்ற மசோதாக்களில் உறுப்பினர்கள் விருப்பப்படி ஓட்டுப் போடட்டும் என்கிற அவர்கூட, நம்பிக்கை ஓட்டையும் பண மசோதாவையும் நிதி விஷயங்களையும் விப்புக்குள்ளேயே விட்டிருந்தார். சீர்திருத்தம் கேட்கிறவர்களே விட்டுக்கொடுக்கும் இடம் என்றால், மனசாட்சி ஓட்டுக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி வருவது அவ்வளவு கறாராக இருக்காது. ஏனென்றால் சட்டம் ஒன்று சொன்னாலும் அதை நடத்துகிறவர் சபாநாயகர், சபாநாயகருக்கும் ஒரு கட்சி உண்டு.

இரண்டு மலை மாநிலங்களைப் பாருங்கள். 2016 மார்ச் 18 அன்று உத்தராகண்டில் 9 காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் பா.ஜ.க.வோடு சேர்ந்து, நிதி ஒதுக்க மசோதாவுக்கு டிவிஷன் வேண்டும், தலை எண்ண வேண்டும் என்று கேட்டார்கள். சபாநாயகர் குரல் வாக்கெடுப்பிலேயே மசோதா நிறைவேறியது என்று அறிவித்துவிட்டார். ஒரு வாரம் கழித்துக் குடியரசுத் தலைவர் ஆட்சி, அதை ரத்து செய்த உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய், மே 10 அன்று நடந்த பலப்பரீட்சையில் காங்கிரஸ் முதலமைச்சர் ஹரீஷ் ராவத் 33க்கு 28 என்று வென்றார். அந்த 9 பேரும் அதற்குள் தகுதி இழந்திருந்ததால் ஓட்டுப் போடவே முடியவில்லை. இரண்டாவது ஹிமாசலப் பிரதேசம், 2024. பிப்ரவரி 27 அன்று ராஜ்யசபைத் தேர்தலில் 6 காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் மாற்றி ஓட்டுப் போட்டார்கள். அதற்காகப் பதவி போகாது, ராஜ்யசபைத் தேர்தல் பத்தாவது அட்டவணைக்குள் வராது. ஆனால் மறுநாள் பட்ஜெட் நிறைவேறும்போது விப் இருந்தும் சபைக்கு வரவில்லை. 15 பா.ஜ.க. உறுப்பினர்களைச் சபாநாயகர் சஸ்பெண்ட் செய்ய, குரல் வாக்கெடுப்பில் பட்ஜெட் நிறைவேறியது. 29ஆம் தேதி ஆறு பேரின் பதவியும் போனது. ஆறு பேரும் பா.ஜ.க.வில் சேர்ந்து அந்த ஜூன் மாத இடைத்தேர்தலில் நின்றார்கள். ஜெயித்தது இரண்டு பேர்.

இந்த இரண்டு கதையிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. யாரும் தன் ஊர்ச் சாலைக்காகவோ ஆஸ்பத்திரிக்காகவோ பட்ஜெட்டை எதிர்க்கவில்லை. முதலமைச்சரை மாற்ற வேண்டும் என்று வெளியே முடிவெடுத்துவிட்டு, அதற்கு வாகான நாளாகப் பட்ஜெட் நாளைத் தேர்ந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், செலவு மசோதாவில் எதிர்ப்பு வந்தால் மசோதாவைப் படிக்காதீர்கள், எதிர்க்கிறவர் முந்தைய வாரம் யாரைப் பார்த்தார் என்று விசாரியுங்கள்.

தமிழ்நாட்டில் 2017இல் நடந்தது சட்டத்தின் இன்னொரு முகம். பிப்ரவரி 18 நம்பிக்கை ஓட்டில் எடப்பாடி பழனிசாமி 122க்கு 11 என்று ஜெயித்தார். எதிர்த்த 11 பேர் ஓ.பன்னீர்செல்வமும் அவரோடு இருந்தவர்களும், அதே கட்சிக்காரர்கள். அவர்களில் ஒருவருக்கும் பதவி போகவில்லை. ஆறு மாதத்தில் அணிகள் இணைந்துவிட்டன. ஆனால் அதே வருடம் முதலமைச்சருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேர், சபையில் எதிர்த்து ஓட்டே போடாதவர்கள், செப்டம்பரில் தகுதி நீக்கப்பட்டார்கள். அடுத்த வருடம் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் பிழைத்தார்கள், போடாதவர்கள் போனார்கள். சட்டத்தை மட்டும் வைத்து ஜோசியம் சொன்னால் இங்கே தப்பாகிவிடும். கட்சித் தலைமைக்கு அந்த ஆள் இன்னும் வேண்டுமா வேண்டாமா என்பதுதான் கடைசியில் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவுக்கு வருகிறேன். அங்கே இந்தச் சட்டமே கிடையாது. கட்சியை எதிர்த்து ஓட்டுப் போட்டதற்காக உறுப்பினர் பதவி போகாது, அரசும் கவிழாது. ஜனாதிபதி தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். வேட்பாளரையும் தலைமை நியமிப்பதில்லை, கட்சி வாக்காளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் துணிச்சலுக்கான விலை குறைவு. இருந்தும் எண்ணிக்கையைப் பாருங்கள். 2025 ஜூலையில் டிரம்ப்பின் பெரிய வரி, செலவு மசோதா செனட்டில் 50க்கு 50 என்று நின்று, துணை ஜனாதிபதியின் ஓட்டில் தப்பியது. எதிர்த்த ரிபப்ளிகன்கள் 3 பேர். கீழ்ச்சபையில் 218க்கு 214. எதிர்த்தவர்கள் 2 பேர். அந்த மூன்று செனட்டர்களில் ஒருவரான டாம் டில்லிஸ், இறுதி ஓட்டுக்கு முன்பே மறுபடி போட்டியிட மாட்டேன் என்று அறிவித்துவிட்டார். அதே வருடம் செலவு மசோதா நிறைவேறாமல் அரசு அலுவலகங்கள் 43 நாள் மூடிக் கிடந்தபோது, டெமாக்ரடிக் பக்கத்தில் இருந்து 8 செனட்டர்கள் தலைமையை மீறி எதிர்த்தரப்போடு சேர்ந்து ஓட்டுப் போட்டுத்தான் அதை முடித்தார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட 2026இல் தேர்தலைச் சந்திக்க வேண்டியவர் இல்லை. சட்டம் கையைக் கட்டாத நாட்டிலேயே, மீறுகிறவர்கள் பெரும்பாலும் உடனே ஓட்டுக் கேட்கப் போக வேண்டாதவர்கள்தான். வெள்ளைக்காரனுக்கு முதுகெலும்பு அதிகம், நமக்குக் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

இங்கே மீற நினைக்கிறவர்கள் வேறு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். எதிர்த்து ஓட்டுப் போடுவதற்குப் பதில் ராஜினாமா செய்கிறார்கள். 2012 மார்ச்சில் நெய்யாற்றின்கரை மார்க்சிஸ்ட் எம்.எல்.ஏ. ஆர்.செல்வராஜ் ராஜினாமா செய்து, ஜூனில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று ஜெயித்து வந்தார். அன்றைய உம்மன் சாண்டி அரசு 140 பேர் சபையில் 72 பேரோடு ஓடிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் அந்த ஒரு இடத்தின் மதிப்பு புரியும். 2025 ஜனவரியில் இடது முன்னணி ஆதரவோடு ஜெயித்த நிலம்பூர் சுயேச்சை பி.வி.அன்வர், முதலமைச்சரோடு வெளிப்படையாகச் சண்டை போட்ட பிறகு, வேறு கட்சியோடு சேர வேண்டி முதலில் ராஜினாமாவைத்தான் கொடுத்தார். கர்நாடகத்தில் 2019இல், பெரும்பாலும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தவர்களான 17 பேர் விஷயத்தில் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தும், உச்ச நீதிமன்றம் அவர்களை இடைத்தேர்தலில் நிற்க விட்டது. அதனால் உங்கள் எம்.எல்.ஏ. உண்மையிலேயே கோபத்தில் இருந்தால் அது ஓட்டெடுப்புப் பொத்தானில் தெரியாது, ராஜினாமாக் கடிதத்தில் தெரியும்.

சரி, அப்படியென்றால் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. தொகுதிக்காகச் சண்டை போடுவதே இல்லையா? போடுகிறார்கள், நீங்கள் பார்க்காத இடத்தில். மானியக் கோரிக்கை விவாதத்தில் ஆளுங்கட்சி உறுப்பினர் பேசுவதைக் கேட்டிருக்கிறீர்களா? "இந்தக் கோரிக்கையை நான் ஆதரிக்கிறேன்" என்று ஆரம்பிப்பார். நடுவில் எதிர்க்கட்சிக்கு இரண்டு குத்து. கடைசி மூன்று நிமிடத்தில் தொகுதியில் உடைந்த பாலம், டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரி, காட்டு யானை, நிலப் பட்டா என்று ஒரே மூச்சில் வாசித்துவிட்டு உட்காருவார். அந்த மூன்று நிமிடம்தான் அவருடைய எதிர்ப்பு. மந்திரி சில சமயம் குறித்துக்கொள்வார், சில சமயம் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டிருப்பார். இதைவிடக் காரியம் நடப்பது சப்ஜெக்ட் கமிட்டிகளில். துறைவாரியாக மானியக் கோரிக்கைகளை உட்கார்ந்து அலசும் இந்தக் குழுக்களை இந்தியாவிலேயே முதலில் 1980இல் அமைத்தது கேரளச் சபைதான். இன்று 14 இருக்கின்றன. அங்கே பத்திரிகைக்காரர்களுக்கு இடமில்லை, கைதட்டலும் இல்லை. அதனாலேயே ஆளுங்கட்சிக்காரர் கொஞ்சம் வாயைத் திறக்க முடியும். ஆனால் உண்மையான பேரம் அதற்கும் முன்னால், டிசம்பர், ஜனவரியில், நிதி மந்திரியின் அலுவலகத்துக்கு எம்.எல்.ஏ. கொடுக்கும் பட்டியலில் முடிந்துவிடும். பட்ஜெட் வாசிக்கும் நாளில் எல்லாம் வெந்து இறக்கிய சோறுதான்.

எதிர்க்கட்சி கொண்டுவரும் வெட்டுத் தீர்மானத்தையும் சொல்ல வேண்டும். கொள்கையையே எதிர்த்தால் தொகையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வார்கள். ஒரு குறையைச் சுட்டிக்காட்ட என்றால் 100 ரூபாய் குறைக்கச் சொல்வார்கள். தோற்கும் என்று தெரிந்தே கொண்டுவருவது அது. இதில் ஒரு வேடிக்கை, நம் கேரள பட்ஜெட்டிலும் ஒரு 100 ரூபாய் உண்டு. தொகுதிவாரியாக எம்.எல்.ஏ.க்கள் கேட்ட வேலைகளுக்கு எதிரே 'டோக்கன் புரொவிஷன்' என்று 100 ரூபாய் போட்டு வைப்பார்கள். மறுநாள் ஊரில் ஃபிளெக்ஸ் போர்டு எழும்: "பட்ஜெட்டில் நம் சாலை!" அந்தச் சாலைக்கு ஒதுக்கியது ஒரு பிளேட் பிரியாணிக்கும் பத்தாது. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வைச் சமாதானப்படுத்த இதைவிட மலிவான வழி கிடையாது. மசோதாவை எதிர்க்க அவருக்குக் காரணமும் மிச்சம் இருக்காது.

இங்கேதான் உங்கள் கேள்வியோடு எனக்குக் கொஞ்சம் வேறுபாடு. ஒதுக்கீடு வந்ததா வரவில்லையா என்பதில் நீங்கள் நிற்கிறீர்கள். தோட்டப் பகுதிக்குப் பெரிய அடி, ஒதுக்கிய பிறகு விழுவது. லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, புதுப்பிக்க 2022-23 பட்ஜெட்டில் 10 கோடி ரூபாய் என்று வந்தது. இடுக்கிக்கு 12,000 கோடித் தொகுப்பு என்று 2021 தொடக்கத்தில் கட்டப்பனையில் அறிவித்தார்கள். ஒழுகும் லயத்தில் மழைக்காலத்துக்குப் பாத்திரம் எடுத்து வைக்கிறவர்களிடம் இதைப் பற்றிக் கேளுங்கள், சிரிப்பார்கள். லயம் கம்பெனியின் சொத்து. 1951ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுப்பதை முதலாளியின் கடமையாக வைத்திருந்தது. அப்படிப்பட்ட கட்டடத்தில் அரசுப் பணத்தை எந்தக் கணக்கில், யார் மூலம் செலவழிப்பது என்ற சிக்கலை சபையில் எந்த ஓட்டும் தீர்க்காது. அது தொழில் துறைக்கும் நிதித் துறைக்கும் கம்பெனிக்கும் நடுவில் நடக்க வேண்டிய பேச்சு. அப்புறம் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர். மார்ச்சில் கருவூலக் கட்டுப்பாடு வந்தால் பில் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். பட்ஜெட்டில் வந்து, மசோதாவில் நிறைவேறி, கருவூலத்தில் செத்துப்போகும் பணம் நிறைய.

கட்சி மீறலைக் கண்ணெதிரே பார்க்க வேண்டும் என்றால் சபையைவிடப் பஞ்சாயத்து நல்ல இடம். மூன்று நான்கு பேர் வித்தியாசத்தில் நடக்கும் ஆட்சிகள் அங்கேதான் அதிகம். உள்ளாட்சிக்கென்று கேரளத்தில் 1999இல் தனியாகவே ஒரு கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. அதில் முடிவெடுப்பவர் தலைவரோ சபாநாயகரோ இல்லை, மாநிலத் தேர்தல் ஆணையம். தகுதி இழந்தால் ஆறு வருடம் தேர்தலில் நிற்க முடியாது. அதாவது நம் வார்டு மெம்பருக்குக் கிடைக்கும் தண்டனை, எம்.எல்.ஏ.வுக்குக் கிடைப்பதைவிடக் கடுமை! எம்.எல்.ஏ. பதவி போன மூன்றாம் மாதம் இடைத்தேர்தலில் நிற்கலாம். இது நியாயமா என்று கேட்டால், எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஊர் உணர்ச்சி கட்சியை மீறவே மீறாதா என்றால், மீறும், ஆனால் அளவு பெரிதாக இருக்க வேண்டும். 2014இல் ஆந்திரப் பிரிவினையின்போது சீமாந்திரா (தெலங்கானா அல்லாத ஆந்திரப் பகுதி) காங்கிரஸ் எம்.பி.க்கள் தங்கள் சொந்த மத்திய அரசுக்கு எதிராகவே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்தார்கள், கட்சியில் இருந்து நீக்கவும் பட்டார்கள். ஒரு பெரிய பிரதேசம் முழுக்க ஒரே குரலில் நின்றதால் அது நடந்தது. இருந்தும் பிரிவினை நிற்கவில்லை. இடுக்கியில் மொத்தமே ஐந்து தொகுதி. அதில் தமிழ் ஓட்டு கனமாக இருப்பது தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை. இந்த எண்ணிக்கைக்கு 140 பேர் சபையில் தனியாக நின்று மிரட்டும் பலம், 1982 போல இழுபறி இருந்தால் மட்டும் வரும். இழுபறிச் சபை அமைந்தால் நான் மேலே சொன்னதில் பாதியை நீங்கள் தள்ளுபடி செய்துகொள்ளலாம். அப்போது ஒரு தொகுதிக்காரரின் காய்ச்சல்கூடத் தலைப்புச் செய்தி ஆகும். அந்தச் சூழலில் யார் என்ன செய்வார்கள் என்று முன்கூட்டிச் சொல்கிறவரை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து.

நம் பக்கத்தில் பணம் வாங்கித் தந்த ஒரு பெரிய மீறலும் நடந்திருக்கிறது, சபைக்கு வெளியே. 2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டில் தோட்டத் தொழிலாளர்களான பெம்பிளை ஒருமைப் பெண்கள் உட்கார்ந்தது எல்லாத் தொழிற்சங்கங்களையும் மீறி. ஆளுங்கட்சிச் சங்கம், எதிர்க்கட்சிச் சங்கம் என்று அவர்கள் பார்க்கவில்லை. ஆதரவு சொல்ல வந்த அரசியல்வாதிகளையும் திருப்பி அனுப்பினார்கள். 10 சதவீதமாகக் குறைத்திருந்த போனஸ், கருணைத் தொகையும் சேர்ந்து 20 சதவீதத்துக்கு ஏறியது. அதற்கு எந்த விப்பும் செல்லாது.

அதனால் உங்கள் எம்.எல்.ஏ.விடம் "ஏன் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை?" என்று கேட்டால், அவர் சட்டத்தைக் காட்டித் தப்பிவிடுவார், அதில் அவர் சொல்வது சரியும்கூட. வேறு மாதிரி கேளுங்கள். பட்ஜெட்டின் பின்னிணைப்பில் உங்கள் வேலையின் பெயருக்கு எதிரே என்ன தொகை இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 100 ரூபாய் என்றால், அதை உண்மையான தொகையாக மாற்ற நிதித் துறைக்கு எப்போது எழுதினார் என்று கேளுங்கள். தொகை இருந்தால், நிர்வாக அனுமதி உத்தரவின் எண்ணையும் தேதியையும் கேளுங்கள். தெரியாது என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நீங்களே வாங்கிக்கொள்ளலாம். கேரளத்தில் மொழிச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். ஜூலைக்குள் கேட்பது நல்லது, மார்ச் வந்துவிட்டால் யார் மேஜையிலும் பணம் இருக்காது.